பிள்ளைகளின் கையில் செய்திச் செயலி: வயது வரம்பா, பெற்றோர் அனுமதியா?

வாட்ஸ்அப், சிக்னல், ஸ்னாப்சாட் ஆகிய மூன்றும் தத்தம் விதிகளில் 13 வயதையே குறைந்தபட்ச வயதாகக் குறிப்பிடுகின்றன. இந்த எண்ணின் வேர் 1998-இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தில் இருக்கிறது. 13 வயது நிரம்பாதவர்களின் தகவல்களைப் பெற்றோர் ஒப்புதலின்றி இணையத்தில் திரட்டக் கூடாது என்று அச்சட்டம் கூறியதால், ஒப்புதல் வாங்கும் சுமையே வேண்டாம் என்று நிறுவனங்கள் அந்த வயதுக்குக் கீழே உள்ளவர்களை விதியளவில் விலக்கிவைத்தன. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2018-இல் வாட்ஸ்அப் அங்கே வரம்பை 16 ஆக உயர்த்தியது. 2024 ஏப்ரலில் மீண்டும் 13 ஆகக் குறைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பியப் பிள்ளைகளின் பக்குவம் கூடியதோ குறைந்ததோ இல்லை.

ஆகவே வயது வரம்பை மட்டும் பார்த்து எந்தச் செயலி நல்லது என்று தீர்மானிக்க முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் பிள்ளையிடம் முதல் செய்தியை அனுப்ப முடியுமா, பெற்றோரால் எதைப் பார்க்க முடியும், பிள்ளையின் நண்பர்கள் உண்மையில் எங்கே இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளை வைத்து ஒப்பிடுவதே பயன் தரும். மூன்றில் முதல் கேள்விக்கே நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

சட்டங்களை முதலில் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் குறிப்பிட்ட சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. பெற்றோர் சம்மதித்தாலும் விலக்குக் கிடையாது; பொறுப்பு முழுவதும் நிறுவனங்களுடையது, தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம். ஆயினும் வாட்ஸ்அப்பும், ஃபேஸ்புக் நிறுவனம் சிறுவர்களுக்கென நடத்தும் மெசஞ்சர் கிட்ஸும் இத்தடைக்கு வெளியே இருக்கின்றன, ஸ்னாப்சாட் உள்ளே இருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்று வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் தொடர்பான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஏழு வயதுச் சிறுமியையும் கல்லூரி வாசலில் நிற்கும் பதினேழு வயது இளைஞரையும் ஒரே தட்டில் வைப்பது இதன் பெரிய குறை. மேலும், ஒப்புதல் என்பது ஒருமுறை தந்தால் முடிந்துவிடும் காரியம். அதற்கு மறுநாள் பிள்ளைக்கு யார் செய்தி அனுப்புகிறார்கள் என்பதைப் பற்றி அந்த ஒப்புதலுக்கு எதுவும் தெரியாது.

இனிச் செயலிகளுக்கு வருவோம். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது, அம்மாவின் கைப்பேசியையே பிள்ளையிடம் கொடுப்பதுதான். வீட்டுப்பாடம் வகுப்புக் குழுவில் வருகிறது, அதைப் பார்த்து எழுதப் பிள்ளை போனைக் கேட்கிறது. அந்நியர் நேரடியாகப் பிள்ளையைத் தேடி வரும் வாய்ப்பு இதில் குறைவு என்பது உண்மை. ஆனால் வீட்டுப்பாடத்துக்கு இரண்டு வரி கீழே, சொந்தக்காரர்கள் குழுவில் யாரோ அனுப்பிய சாலை விபத்துக் காணொளி திறந்தால் ஓடக் காத்திருக்கிறது. அதற்கும் கீழே வங்கியின் செய்தி இருக்கிறது. பெரியவர்களின் உலகம் முழுவதும் வடிகட்டப்படாமல் பிள்ளையின் கண்ணில் படும் இந்த ஏற்பாட்டைப் பாதுகாப்பானது என்று நாம் எண்ணிக்கொள்வது வியப்புக்குரியது.

பிள்ளைக்கென்று தனி எண் வாங்கி வழக்கமான வாட்ஸ்அப் கணக்குத் தொடங்கினால், எண்ணை அறிந்த எவரும் செய்தி அனுப்பலாம். குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற அமைப்பு தொடக்கத்தில் 'அனைவரும்' என்றே இருக்கும். டியூஷன் குழு ஒன்றில் சேர்ந்தவுடன் பிள்ளையின் எண் அக்குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. அவர்களுள் எவர் வேண்டுமானாலும் அந்த எண்ணை இன்னொரு குழுவில் சேர்க்கலாம். தனியுரிமைப் பகுதியில் இதை 'எனது தொடர்புகள்' என்று மாற்றினால், தொடர்பில் இல்லாதவர் குழுவில் சேருமாறு அழைப்பு மட்டுமே அனுப்ப முடியும், ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். அறியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் தடுக்கும் வசதியும் அங்கேயே உண்டு. இவ்விரண்டையும் மாற்றாத வாட்ஸ்அப்பும் மாற்றிய வாட்ஸ்அப்பும் எனக்கு இரு வேறு செயலிகளாகவே தோன்றுகின்றன.

6 முதல் 12 வயது வரையிலானோருக்காக 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அறிமுகமான மெசஞ்சர் கிட்ஸ் முதல் கேள்விக்கு மிகத் தெளிவான விடை தருகிறது. பெற்றோர் தம் ஃபேஸ்புக் கணக்கிலிருந்து தொடங்குவதால் பிள்ளைக்குத் தொலைபேசி எண்ணே தேவையில்லை, பெற்றோர் ஏற்காத எவரும் தொடர்புப் பட்டியலில் வர முடியாது, விளம்பரமும் இல்லை. 2019-இல் இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை தெரிந்தது. குழு தொடங்கிய பிள்ளைக்கு அனுமதிக்கப்பட்டவர்கள், அதே குழுவில் இருந்த மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரியாமலேயே அவர்களுடன் உரையாட முடிந்தது. நிறுவனம் அக்குழுக்களை மூடிப் பெற்றோருக்குத் தகவல் அனுப்பியது. எனினும் நடைமுறையில் இதன் பெரிய குறை அந்தப் பிழையன்று: வகுப்புத் தோழர்கள் ஒருவர்கூட அங்கே இல்லாவிட்டால் பிள்ளை அதைத் திறக்கவே மாட்டாள். வெளிநாட்டில் இருக்கும் அத்தை, மாமா பிள்ளைகளோடு பேசுவதற்கு, அவர்களின் பெற்றோரும் இசைந்தால், இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

ஸ்னாப்சாட் 2022-இல் கொண்டுவந்த பெற்றோர் வசதி, பிள்ளை கடந்த ஏழு நாட்களில் யார் யாருடன் பேசினார் என்பதைக் காட்டும், என்ன பேசினார் என்பதைக் காட்டாது. இந்த அளவுகோல் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் பார்த்தவுடன் மறையும் செய்திகளே அச்செயலியின் அடிப்படை என்பதால், மிரட்டலோ ஆபாசமோ வந்தால் பிள்ளை பெற்றோரிடம் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம். இரண்டு லட்சம் பேர் வரை சேரக்கூடிய குழுக்களும், பயனர் பெயரைத் தேடியே எவரையும் அடையும் வசதியும் கொண்ட டெலிகிராமைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுக் கருவியான ஃபேமிலி லிங்க், பிற செயலிகளை நிறுவப் பெற்றோரிடம் அனுமதி கேட்க வைக்கும், நேரத்தை வரையறுக்கும், இரவில் கருவியைப் பூட்டும். வாட்ஸ்அப்பை மொத்தமாகத் தடுக்க அதனால் முடியும். அதற்குள் யார் பேசலாம் என்று தீர்மானிக்க முடியாது. பிள்ளை யாருடன் பேசலாம் என்று வரையறுக்கும் ஆப்பிளின் தொடர்பு வரம்புகளும் பெரும்பாலும் அதன் சொந்த அழைப்பு, செய்திச் செயலிகளோடு நின்றுவிடுகின்றன. ஆகவே இவை இரண்டும் துணைக் கருவிகள்தாம்.

பன்னிரண்டு வயது வரை மெசஞ்சர் கிட்ஸ், அல்லது உடன் அமர்ந்து பார்க்கும் பெற்றோரின் போன். பதின்மூன்றிலிருந்து அமைப்புகள் மாற்றப்பட்ட வாட்ஸ்அப், இரவுப் பூட்டுக்கு ஃபேமிலி லிங்க் என்பதே என் வரிசை. பிள்ளையின் வாட்ஸ்அப்பைத் தம் கணினியில் இணைத்து எல்லாவற்றையும் படிக்கும் பெற்றோரும் உண்டு. இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் அமைப்புகளிலேயே தெரியும் என்பதால், பதினான்கு வயதுப் பிள்ளை அதை விரைவில் கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு அடுத்த உரையாடல் பெற்றோர் கேள்விப்படாத வேறொரு செயலியில் நடக்கும். சொல்லிவிட்டு இணைப்பதும், சில மாதங்களுக்குப் பின் பிள்ளையின் எதிரிலேயே அந்த இணைப்பை நீக்குவதும் அதைவிட நல்ல ஏற்பாடு.