"கை பழகிடும் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள்: வேலூரில் ஷேவிங் செட் வாங்கி ஏமாந்த அனுபவம்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது பல பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டு, இரு பக்கமும் கூருள்ள ஒற்றை பிளேடை மாட்டும் ரேசர், பிரஷ், சோப்பு என்று பழைய முறை ஷேவிங்குக்கு மாறலாம் என்று நினைத்திருந்தால், கடைப்படி ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 3,450 ரூபாய் போனது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. 24 நாள் கழுத்தெல்லாம் கீறலோடு வேலைக்குப் போனேன், எல்லாம் என் கைக்கோளாறு என்று நம்பிக்கொண்டு. அப்படி நம்ப வைத்தவர் விற்ற கடைக்காரர்.

எனக்குத் தாடைக்குக் கீழே முடி சுருண்டு வளரும். மூன்று நான்கு பிளேடு அடுக்கிய ரேசரில் மழித்தால் மறுநாளே சிவப்புக் கொப்புளங்கள் வந்துவிடும். முன்னால் போகும் பிளேடு முடியை இழுத்துக்கொடுக்க, பின்னால் வருவது தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட முனை வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே வளைகிறது. ஒற்றை பிளேடு அவ்வளவு ஆழம் போவதில்லை என்பதால் பலருக்கு இந்தத் தொல்லை குறையும். அப்பா வருஷக்கணக்கில் ஒரே ரேசர்தான் வைத்திருந்தார், அவர் கழுத்தில் நான் ஒரு கொப்புளம் பார்த்ததில்லை. வீடு மாற்றியபோது அது எங்கோ போய்விட்டது. அதைப்போல ஒன்று வேண்டும் என்றுதான் தேடிப் போனேன்.

காட்பாடி போகும் ரோட்டில் ஆண்களுக்கான அழகுப் பொருட்கள் மட்டும் விற்கும் கடை. பளிச்சென்ற விளக்கு, ஏசி, நல்ல பேச்சு. "முதல் தடவையா சார்? அப்ப தனித்தனியா வாங்காதீங்க, செட்டா எடுத்துக்குங்க" என்று ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். கறுப்பு வெல்வெட் துணிமேல் ரேசர், பிரஷ், கிண்ணம், சோப்பு, 10 பிளேடு, ஒரு படிகாரக் கட்டி. ரேசர் முழுப் பித்தளை, மேலே குரோமியம் முலாம் என்றார். பிரஷ் பேட்ஜர் என்ற விலங்கின் முடி என்றார். பெட்டிமேல் ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்துகள் இருந்தன. யார் செய்தது, எந்த நாடு, எப்போது, அதிகபட்ச விலை என்ன என்று எங்கும் இல்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. பில் கேட்டதற்கு, "பில் போட்டா வரி தனியா வரும் சார்" என்று எஸ்டிமேட் என்று அச்சடித்த சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். ஜிபேயில் பணம் அனுப்பினேன். பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது அந்த ஜிபே பதிவு ஒன்றுதான்.

முதல் நாள் வலது கன்னம் ஓரளவு சரியாக வந்தது. ரேசரைத் திருப்பி மறுபக்கத்தால் இடது கன்னத்தில் இழுத்தபோது நறநறவென்று பிடுங்கியது. கழுத்துக்குப் போனதும் ரத்தம். புதிதுதானே என்று விட்டுவிட்டேன். நான்கு நாளாகியும் அப்படியே இருக்க, கடைக்குப் போய்ச் சொன்னேன். "அழுத்துறீங்க சார். கை பழகிடும்." அழுத்துவதை நிறுத்தினேன். பிளேடு தோலுக்கு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும், முதல் சுற்றில் முடி படுத்திருக்கும் திசையில்தான் இழுக்க வேண்டும் என்பதையெல்லாம் படித்துப் பழகினேன். ரத்தம் நிற்கவில்லை. இரண்டாம் முறை போனபோது, "நுரை பத்தலை, நல்ல சோப்பு போடுங்க" என்று 650 ரூபாய்க்கு இன்னொன்றை விற்றார். மூன்றாம் முறையும் அதே பதில். "ஒரு மாசம் ஆகும் சார், கை பழகிடும்."

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்கிறேன். ஒரு மிக்ஸி ஓடவில்லை என்றால் யாரும் உங்கள் கையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழக்கம் தேவைப்படும் பொருளை முதன்முதலாக வாங்குகிறவனிடம் எந்தக் குறையையும் அவன் கைமேல் போட்டுவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் வேறு ரேசர் கிடையாது. வாரங்கள் ஓடும், மாற்றிக் கேட்கும் துணிச்சலும் போய்விடும். எனக்கு நடந்தது அதுதான்.

கண்ணைத் திறந்துவிட்டவர் தோட்டப்பாளையத்தில் எனக்கு முடி வெட்டும் அண்ணன். கழுத்தைப் பார்த்ததும், "தம்பி, எதுல ஷேவ் பண்றீங்க? நாளைக்கு எடுத்துட்டு வாங்க" என்றார். கொண்டுபோனேன். அவர் மழித்துப் பார்க்கவே இல்லை. புது பிளேடு ஒன்றை மாட்டி, ரேசர் தலையைக் கண்ணுக்கு நேராக, வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் பிளேடின் விளிம்பு மயிரிழை அளவுக்கு எட்டிப்பார்த்தது. மறுபக்கம் அதைப்போல இரண்டு மடங்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சில சமயம் மாட்டும்போது பிளேடு நகர்ந்துவிடுவதுண்டு. திருகைத் தளர்த்தி, கூர் இல்லாத இரண்டு முனைகளையும் விரலால் பிடித்துக்கொண்டு மறுபடி முறுக்கினால் நேராகிவிடும். அதையும் செய்தார். பிளேடைத் தலைகீழாகவும் திருப்பிப் போட்டுப் பார்த்தார். நீட்டல் அதே பக்கம்தான். மேல்மூடியில் பிளேடைத் தாங்கும் ஊசிகள் வார்ப்பிலேயே நடு விலகியிருந்தன. "இதுல யார் பண்ணாலும் ரத்தம்தான் வரும் தம்பி. முப்பது வருஷம் கத்தி புடிச்ச எனக்கும் வரும்" என்றார். வருத்தமும் நிம்மதியும் ஒன்றாக வந்தது எனக்கு.

அன்று ராத்திரி வீட்டில் பிளேடைக் கழற்றிவிட்டுத் திரும்ப முறுக்கும்போது மேல்மூடியின் திருகு மரை பட்டென்று ஒடிந்து கைப்பிடிக்குள்ளேயே நின்றுவிட்டது. இடுக்கியால் திருகி எடுத்தேன். ஒடிந்த இடம் மஞ்சளாக இல்லை. சாம்பல் நிறத்தில், கற்கண்டை உடைத்தாற்போல மணிமணியாக இருந்தது. பித்தளை அப்படி ஒடியாது, அந்த நிறமும் கிடையாது. கடைக்காரரிடம் போனில் சொன்னால், "தலை மட்டும்தான் சார் அப்படி, கைப்பிடி பித்தளை" என்கிறார்.

என் மச்சான் சிப்காட்டில் ஒரு பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறான். அவன் செய்து காட்டியதை யாரும் வீட்டில் செய்யலாம், 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருந்தால் போதும். முதலில் கைப்பிடியைத் தனியாக நிறுத்தான்: 52.3 கிராம். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்கினான். கைப்பிடியை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டான். மரைக்குழிக்குள் காற்றுக்குமிழ் நின்றால் கணக்குத் தப்பிவிடும் என்று சாய்த்துச் சாய்த்துக் குமிழை வெளியேற்றினான். தராசு 7.9 காட்டியது. கைப்பிடி தள்ளிய தண்ணீரின் எடை அது. 52.3-ஐ 7.9-ஆல் வகுத்தால் 6.6, அதாவது தண்ணீரைப்போல 6.6 மடங்கு அடர்த்தி. "பித்தளைன்னா எட்டரை கிட்ட வரணும் மாப்ள. இது துத்தநாகக் கலவை" என்றான். காந்தத்தை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை இதற்கு உதவாது.

துத்தநாகக் கலவை என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் மெர்க்கூர் 34சி ரேசரின் தலையும் குரோமியம் பூசிய துத்தநாகக் கலவைதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உலகமெங்கும் பலர் சொல்லும் ரேசர் அது. வார்ப்பு சுத்தமாக இருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். துத்தநாகத்தைப் பித்தளை என்று சொல்லிப் பித்தளை விலைக்கு விற்றதும், அதிலும் கோணல் வார்ப்பை விற்றதும்தான் என் புகார்.

பிரஷ் கதையும் இதுதான். முதல் வாரம் நுரை லேசாகச் சாம்பல் நிறத்தில் வந்தது, சாயம். உதிர்ந்த முடி ஒன்றை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டினேன். உண்மையான முடி என்றால் மயிர் கருகும் நாற்றம் வரும், விரலில் நசுக்கினால் பொடியாகும். இது உருகிச் சுருண்டு கடுகு போல ஒரு கறுப்பு உருண்டையாகக் கெட்டியானது. செயற்கை இழை. தொடங்குகிறவருக்குச் செயற்கை இழைப் பிரஷ்தான் நல்லது என்பேன். ஊற வைக்க வேண்டியதில்லை, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. அதைச் செயற்கை என்று சொல்லியே விற்றிருக்கலாமே. இன்னொன்று, யாராவது கீரிப்பிள்ளை முடி பிரஷ் என்று காட்டினால் தொடவே தொடாதீர்கள். 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

படிகாரக் கட்டிக்கு அந்தப் பெட்டியில் இம்போர்ட்டட் என்று ஒரு ஸ்டிக்கர். லாங் பஜார் பக்கம் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற அதே படிகாரம்.

அந்த 650 ரூபாய் சோப்பு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம ஊரில் நிறையப் பேர் இதில் மாட்டுவார்கள். எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் போர் தண்ணீர், கடும் உப்பு. எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழும்பாமல் வெள்ளைத் திரிதிரியாகக் கிண்ணத்தில் ஒட்டியது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகிவிடுகின்றன, நுரைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த நாளில் பிடித்து வைத்த தண்ணீரில் பழைய சோப்பையே போட்டுப் பார்த்தேன், தயிர் கடைந்தாற்போல வந்தது. கேன் தண்ணீர் அரை டம்ளர் இருந்தால் ஒரு ஷேவுக்குத் தாராளம், முகம் கழுவ எந்தத் தண்ணீரும் போதும். விலை கூடிய சோப்பு தேவையே இல்லை. முதல் இரண்டு மாதம் மளிகைக் கடையில் கிடைக்கும் டியூப் கிரீமே போதும், கட்டிச் சோப்பைவிட அதில் நுரை எடுப்பது சுலபம். நம்ம ஊர்க் கத்திரி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே நின்று போட்டால் எந்த நுரையும் காய்ந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே செட்டாக வாங்காதீர்கள். ரேசரைத் தனியாக, மூடி, தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டாகக் கழலும் எளிய வகையாக, சீப்புப் பல் இல்லாத மூடிய விளிம்புள்ளதாக வாங்குங்கள். இந்த மூன்று துண்டு அமைப்பு ஜில்லெட் 1904-இல் காப்புரிமை வாங்கியது, இதில் ரகசியம் எதுவும் இல்லை. கடையிலேயே பெட்டியைப் பிரித்து, ஒரு பிளேடு மாட்டி, வெளிச்சத்தில் இரு பக்கமும் பாருங்கள். மாட்டிப் பார்க்க விடமாட்டேன் என்றால் அங்கே வாங்க வேண்டாம். பிளேடு ஒரே வகையில் நூறு வாங்காமல் இரண்டு மூன்று வகையில் ஐந்தைந்து வாங்கிப் பாருங்கள். ஜப்பானின் ஃபெதர் பிளேடு மிகக் கூர்மை என்று பெயர் பெற்றது, கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

பொதியப்பட்ட பொருளின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., புகார் சொல்ல எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும் என்று 2011-ஆம் வருஷ விதிகள் சொல்கின்றன. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை, "வரி தனியா" என்ற பேச்சுக்கே இடமில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாள் கணக்கு. நான் போனது 26-ஆம் நாள். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் சொல்லிப் பதிவு எண் வாங்கினேன். கடைக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். மூன்றாம் நாள் அவரே போன் செய்து, 1,500 தருகிறேன், செட்டைக் கொடுத்துவிடுங்கள் என்றார். மறுத்துவிட்டேன். சோப்பும் சேர்த்து 4,100 வர வேண்டும். தராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும்.

கறுப்பு வெல்வெட் வைத்த இதே மாதிரிப் பெட்டி உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எஸ்டிமேட் சீட்டையும் ஜிபே பதிவையும் படம் எடுத்து வையுங்கள், உடைந்த துண்டுகளைக் கழுவித் துடைத்து ஒரு கவரில் போடுங்கள். வாங்கிய தேதியிலிருந்து 30 நாள் ஆகவில்லை என்றால் இன்றைக்கே கடிதம் எழுதுங்கள். என் கடிதத்தின் நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.