பழைய புல்லட்டுக்கு டயர்: ஐந்து வருடம், 14,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

என் பழைய 350 புல்லட்டில் இப்போது இருக்கும் ஜோடி முன்னால் 3.25-19 ரிப் டயர், பின்னால் 3.50-19 பட்டன் டயர் (கட்டை கட்டையாக அச்சு உள்ளது). முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். மாட்டி ஐந்து வருடம் ஆகிறது, 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எனக்கு முழுத் திருப்தி. ஆனால் இதற்கு முன்னால் தப்பான டயரைப் போட்டு ஒரு வருடம் அவஸ்தைப்பட்டேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வண்டி கைக்கு வந்தபோது டயரில் பட்டன் முழுசாக இருந்தது. இன்னும் நாலு வருடம் ஓடும் என்று நினைத்தேன். முதல் மழையில், நிதானமாகத் திரும்பும்போதே பின்சக்கரம் வழுக்கியது. இறங்கி வந்து டயரில் நகத்தை அழுத்திப் பார்த்தேன், பதியவே இல்லை. பக்கச்சுவரில், ரிம்மை ஒட்டி, முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். தேதி எண்ணைத் தேடினால் மூன்றே இலக்கம். 2000க்குப் பிறகு வந்த டயரில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம் என்றால் அது 2000க்கு முந்தைய டயர். நம் மாதிரி ஆட்கள் பழைய வண்டியை ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்கிறோம். அதனால் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் செத்துப்போகிறது. பட்டனைப் பார்த்து டயரை எடைபோடவே கூடாது.

சரி, மாற்றுவது என்று முடிவானதும் ஆசை வந்துவிட்டது. பின்னால் தடியாக இருந்தால் வண்டி கம்பீரமாக இருக்குமே என்று 4.00-19 போட்டேன். பார்க்க அழகுதான். ஆனால் புல்லட்டின் ரிம் டபிள்யூஎம்2, அதாவது உள்அகலம் 1.85 அங்குலம். அதில் அவ்வளவு தடித்த டயரைப் போட்டால் இரண்டு ஓரமும் நெருக்கப்பட்டு நடுப்பகுதி முட்டை மாதிரி தூக்கிக்கொள்கிறது. வளைவில் வண்டி தயங்கித் தயங்கிச் சாய்ந்தது. பழைய அளவுகளில் டயரின் உயரமும் கிட்டத்தட்ட அகலத்துக்குச் சமம். அதனால் சக்கரத்தின் சுற்றளவும் கூடிவிட்டது. மேட்டில் முன்பு நாலாவது கியரிலேயே ஏறிய இடத்தில் மூன்றுக்கு இறங்க வேண்டி வந்தது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே நின்றது. செயின் கார்டு உரசி டயரின் பக்கத்தில் பளபளவென்று ஒரு கோடு வேறு. அதைப் பார்த்த அன்றே கழற்றினேன்.

அடுத்த தடவை ரிம்மை அளந்துவிட்டுத்தான் டயர் தேடினேன். முன்னால் நேர்க்கோடு போட்ட ரிப் டயரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அது திசையை நன்றாகப் பிடிக்கும், ஹேண்டில் லேசாக இருக்கும். பின்னால் டன்லப் கம்பெனியின் கே70 மாதிரியில் பட்டன் அச்சு. டன்லப்பின் கே81ஐயும் யோசித்தேன். 1969 ஐல் ஆஃப் மேன் டிடி பைக் பந்தயத்தில் மால்கம் அப்ஹில் என்ற வீரர் டிரையம்ப் போனவில் பைக்கில் மணிக்கு 100 மைல் சராசரியைத் தாண்டிச் சுற்றிய பிறகு டிடி100 என்று பெயர் பெற்ற டயர் அது. அந்த வரலாறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் என் வண்டியின் வேகத்துக்கும் ரிம்முக்கும் அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன். வாங்கும்போது தேதியைப் பார்த்தேன், நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது மூன்று வருடம் பழசு. கேட்டால்தான் புதுசு வெளியே வருகிறது.

மாட்டும் வேலையை நானே செய்தேன். முன்பு ஒரு கடையில் கொடுத்தபோது நீண்ட லெவரை ஆழமாக விட்டு நெம்பிப் புது டியூபைக் கடித்துவிட்டார்கள். வீடு சேர்வதற்குள் காற்று இறங்கிவிட்டது. அவசரம் இல்லாமல் செய்தால் இது கஷ்டமான வேலையே இல்லை.

முதலில் டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டேன், ரப்பர் இளகட்டும் என்று. ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஸ்போக் முனைகளை அரத்தால் தேய்த்து, துருவைச் சுரண்டி, புது ரிம் டேப் சுற்றினேன். கோட்டம் எடுக்க வேண்டியிருந்தால் அதையும் இந்த நேரத்திலேயே எடுத்துவிடுங்கள். டியூபும் புதுசு, அதில் லேசாக டால்கம் பவுடர். உருவம் பிடிக்கும் அளவுக்கு மட்டும் காற்று. டயரில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். ஒரே டயரை முன்னும் பின்னும் போடலாம் என்றால், இரண்டு இடத்துக்கும் தனித்தனி அம்பு இருக்கும். பிரேக் பிடிக்கும் இழுப்பும் எஞ்சின் தள்ளும் இழுப்பும் எதிரெதிர் திசை என்பதால் அப்படி.

சூட்சுமம் எல்லாம் கடைசி ஒரு சாணில்தான். வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்து, வால்வு இருக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். லெவரில் பலம் தேவைப்படுகிறது என்றால் எதிர்ப்பக்கத்து ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். முழங்காலால் அங்கே அழுத்திக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தடவினால் கடைசித் துண்டு கையாலேயே 'டப்' என்று விழும். அப்புறம் வால்வை உள்ளே தள்ளி விடுங்கள், டியூப் ஓரத்தில் சிக்கியிருந்தால் விடுபடும். காற்று ஏற்றியதும் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய வரம்பு தெரியும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பின்சக்கரத்தில் ஒரு இடம் அமுங்கியிருந்தது. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி ஏற்றியதும் சரியாகிவிட்டது.

முதல் 150 கிலோமீட்டர் வண்டியை அதிகம் சாய்க்கவில்லை. புது டயரின் மேல்தோல் வழவழப்பாகத்தான் இருக்கும். காற்று முன்னால் 20, பின்னால் 28. ஆள் ஏறினால் பின்னால் 32. முன்னால் 25 வைத்துப் பார்த்தேன், சின்னக் கல்லுக்கும் ஹேண்டில் துள்ளியது. வால்வு சாய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார்ப்பேன். சாய்ந்தால் காற்றுக் குறைந்து டயரும் டியூபும் ரிம்மில் நகர்கின்றன என்று பொருள். வால்வின் நட்டை நான் ரிம்மோடு இறுக்குவதில்லை.

மழையில் இப்போது பயமில்லை. வளைவில் வண்டி நாம் நினைக்கும்போதே சாய்கிறது. பின்சக்கரத்தில் நடுப்பட்டன் கொஞ்சம் தட்டையாகியிருக்கிறது, முன்சக்கரத்தில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. நகம் இன்னும் பதிகிறது, ஆனால் போன வருடத்தைவிட அழுத்த வேண்டியிருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் இரண்டையும் மாற்றிவிடுவேன். அதே 3.25, அதே 3.50.