ஆறு தளங்கள், ஒன்பது வருட ஹோஸ்டிங் அனுபவம்

என் வலைப்பூ, நண்பர்களோடு நடத்தும் சிறுகதைத் தளம், கும்பகோணத்தில் சித்தப்பாவின் பாத்திரக் கடை, பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், ஒரு பல் மருத்துவமனை, ஒரு கோயில் திருப்பணிக் குழு என்று ஆறு தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். 2016இல் எல்லாவற்றையும் ஒரே ஷேர்டு ஹோஸ்டிங் கணக்கில் (பலர் பகிரும் சர்வரில் வாடகை இடம்) ஆட்-ஆன் டொமைன்களாக, அதாவது கூடுதல் தளப் பெயர்களாகச் சேர்த்தேன். மாதம் 200 ரூபாய்க்குள், எத்தனை தளம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார்கள். முதல் வருட விலை அது. புதுப்பிக்கும்போது இரண்டரை மடங்கானது.

விளம்பரத்தில் சொல்லும் அன்லிமிடெட் என்பது சேமிப்பு இடத்துக்குத்தான். கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஐனோடு என்று விதிமுறைப் பக்கத்தில் எழுதியிருக்கும். ஒரு படம் ஏற்றினால், தளங்களை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் அதைப் பல அளவுகளில் வெட்டி வைக்கும். தளத்தை வேகமாக்கும் கேச் பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) தனியாகக் கோப்புகளைக் குவிக்கும். மெயில் பெட்டியில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு. ஆறு தளங்கள் சேர்ந்து வரம்பைத் தாண்டியதும் தானியங்கி பேக்கப் நின்றுவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை.

2018இல் ஒரு காலை சித்தப்பா போன் செய்தார். "என்னப்பா, கூகுள்ல நம்ம கடையைத் தேடினா ஜப்பான் எழுத்தா வருதே?" சங்கத் தளத்தில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு பழைய ஸ்லைடர் பிளகின் வழியாக ஹேக்கர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். ஒரே கணக்கு என்றால் ஆறு தளங்களும் ஒரே பயனரின் ஆறு ஃபோல்டர்கள், அவ்வளவுதான். ஒன்றில் ஓடும் ஸ்கிரிப்ட் மற்ற ஐந்திலும் எழுதலாம். எல்லா இன்டெக்ஸ் கோப்புகளின் முதல் வரியிலும் புரியாத நீளமான எழுத்துக்கோவை. அழித்தால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் இரவுதான் கிரான் பட்டியலை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அழித்ததைத் திரும்ப எழுதும் ஒரு வரியை அங்கே ஒளித்து வைத்திருந்தார்கள். கடைக்காரருக்கு அது நவராத்திரி வியாபாரம். அந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அதிலிருந்து ஹோஸ்டிங் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு தளம் கெட்டால் மற்ற ஐந்தும் தப்புமா? விலையெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரே திட்டத்தில் பல தனிக் கணக்குகள் தரும் ரீசெல்லர் திட்டத்துக்குப் போனேன். தளத்துக்கு ஒரு தனி சிபேனல் (ஹோஸ்டிங்கைக் கையாளும் கட்டுப்பாட்டுப் பலகை) கணக்கு, நிம்மதியாக இருந்தது. ஆனால் 2019இல் சிபேனல் நிறுவனம் கணக்குகளின் எண்ணிக்கைப்படி கட்டணம் வாங்கத் தொடங்கியது. அந்தச் சுமை ரீசெல்லர்கள் வழியாக என்னிடமும் வந்தது. சரி என்று மும்பையில் 1 ஜிபி நினைவகம் உள்ள விபிஎஸ் (தனியாகப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) எடுத்தேன். அது தவறு. ஆறு வேர்ட்பிரஸ் தளங்களுக்கு 1 ஜிபி போதவில்லை. நினைவகம் தீர்ந்ததும் சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் முதலில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுத்தியது, ஆறும் ஒன்றாகப் படுத்தன. இப்போது 4 ஜிபி, கூடவே ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் வட்டு இடம்). தளத்துக்கு ஒரு லினக்ஸ் பயனர், ஒரு தனி பிஹெச்பி பூல் (தளத்தின் நிரலைத் தனியாக ஓட்டும் பகுதி), ஒரு தனி டேட்டாபேஸ் கடவுச்சொல். தளத்துக்கு வரும் போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவச சேவை, 90 நாளுக்குள் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வாரம் ஒரு மணி நேரமாவது வேண்டும். அந்த நேரம் இல்லாதவர்கள் தளத்துக்கு ஒரு கணக்கு தரும் ரீசெல்லர் திட்டத்திலேயே இருங்கள்.

தளங்களை மாற்றும்போது தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் எடுத்தபோது கேரக்டர் செட் (எழுத்துக் குறிமுறை) தமிழுக்கு இடமில்லாத லத்தீனில் இருந்ததை நான் பார்க்கவில்லை. புதிய சர்வரில் நானூறு சிறுகதைகளும் கேள்விக்குறி வரிசைகளாகத் திறந்தன. தலைப்பு, ஆசிரியர் பெயர், முதல் பத்தி, எல்லாமே கேள்விக்குறி. அப்படி ஆகிவிட்டால் அந்தக் கோப்பிலிருந்து எழுத்துகளை மீட்க வழியில்லை. பழைய கணக்கை ரத்து செய்யாமல் வைத்திருந்ததால் தமிழையும் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட்டு மறுபடி எடுத்தேன். பழைய கணக்குக்கு இன்னும் ஒரு மாதம் பணம் கட்டினாலும் பரவாயில்லை, உடனே மூடாதீர்கள்.

மின்னஞ்சலைச் சர்வரில் வைப்பதையும் விட்டுவிட்டேன். மருத்துவமனையின் நேர உறுதி மெயில்கள் ஸ்பேமில் விழுந்துகொண்டே இருந்தன. இப்போது தனி மெயில் சேவை, எஸ்பிஎஃப், டிகிம் (மெயில் உண்மையில் நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) இரண்டும் போட்டாயிற்று. டொமைன்களும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இல்லை, வேறு இடத்தில் இருக்கின்றன. ஹோஸ்டிங்கோடு தகராறு வந்தாலும் பெயர் என் கையில் இருக்கும்.

பேக்கப்பும் அப்படித்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அதைப் படித்த வாரமே என் பேக்கப்பை வேறு நிறுவனம், வேறு நாடு என்று மாற்றினேன். மூன்று மாதத்துக்கு ஒரு தளத்தை மடிக்கணினியில் மீட்டும் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கடைத் தளத்தின் முறை. நாற்பது நிமிடத்தில் குத்துவிளக்குப் பக்கம் படமும் விலையுமாகத் திறந்தது.