கேஷுவாலிட்டில இருந்து வீட்டுக்கு: பெட் பக்கத்துல சொல்றதா, மறுநாள் வீடியோ கால்ல சொல்றதா?

எங்க மாமனாருக்கு 68 வயசு, பென்னாகரம் பக்கம். போன மாசில ஒருநாள் களி கூட சாப்பிடாம சுகர் மாத்திரைய மட்டும் போட்டுட்டு காட்டுக்குப் போனவரு வரப்புலயே வேர்த்து மயங்கி விழுந்துட்டாரு, 108ல தருமபுரி கொண்டுவந்து குளுக்கோஸ் ஏத்தி, மறுநாள் சாயங்காலம் டிஸ்சார்ஜ். வீட்டுக்குப் போய் என்ன செய்யணும்னு நர்ஸம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. ஆனா பக்கத்து பெட்ல ஆக்சிடெண்ட் கேஸ், மாமியார் பைய தூக்கிட்டு பஸ்ஸு போயிரும்னு நிக்கறாங்க, இவரு எல்லாத்துக்கும் "சரிம்மா சரிம்மா". பஸ்ல உக்காந்து என்ன மாமா சொன்னாங்கன்னு கேட்டா, "நேரத்துக்கு சாப்பிடச் சொன்னாங்க". அவ்ளோதான் மனசுல நின்னுருக்கு.

மறுநாள் அதே ஆஸ்பத்திரில இருந்து வீடியோ கால். டாக்டர் கேட்ட முதல் விஷயமே, வீட்ல இருக்கற மாத்திரை அத்தனையும் கட்டில்ல கொட்டுங்க. தகர டப்பாவ கவுத்தா பழைய அட்டையிலயும் கிளிமிபிரைடுங்கற அதே சுகர் மருந்து, டோஸ் குறைச்சு கொடுத்த புது அட்டையிலயும் கிளிமிபிரைடு, கம்பெனி பேருதான் வேற. ரெண்டையும் போட ரெடியா இருந்தாரு மனுசன்! இத பெட் பக்கத்துல நின்னு யாரு கண்டுபிடிக்க முடியும், டப்பா வீட்லதானே இருக்கு.

சாதா போன் கால்னா இந்த இடத்துல உதவாது, "வெள்ளை மாத்திரைங்க"ன்னு சொல்லிட்டு வெச்சிருப்பாரு. அரசு மருத்துவ உதவி எண் 104க்கு நாமளே எந்நேரமும் அடிக்கலாம், சந்தேகம் கேக்க நல்லது, ஆனா அட்டைய காட்ட முடியாது. ஆன்லைன்ல டாக்டர பாக்க 2020ல வந்த அரசு சேவை இ-சஞ்சீவனில வீடியோவும் உண்டு, காசும் இல்ல, ஆனா அந்தப் பக்கம் வர்ற டாக்டர் நம்மள கேஷுவாலிட்டில பாத்தவரா இருக்க மாட்டாரு, டிஸ்சார்ஜ் சீட்ட காட்டி முதல்ல இருந்து கதை சொல்லணும். மக்களைத் தேடி மருத்துவம், நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பாத்து மாத்திரை தர்றாங்க, கையால டப்பாவ கிளறிப் பாக்கறதுக்கு ஈடே இல்ல. ஆனா டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே வந்து நிப்பாங்கன்னு எதிர்பாக்க முடியாதே.

வீடியோவுக்கு எங்க பல்லு உடையுதுன்னா, அஞ்செட்டி மலைப்பக்கம் டவருக்கு பாறை மேல ஏறணும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசறவங்க நிறைய, வார்டுன்னா யாராச்சும் மொழி மாத்தி சொல்லுவாங்க, போன்ல பேரன்தான் கதி. மாவுக்கட்டு போட்ட கைல விரல் மரத்துப் போனா, பாம்பு கடிச்ச கால்ல வீக்கம் ஏறுனா, கேமராவ காட்டிட்டு உக்காந்திருக்காம உடனே கிளம்பணும். "எதுக்கு திரும்ப ஓடி வரணும்"ங்கறத மட்டும் பெட் பக்கத்துலயே சொல்லி, அவங்க வாயாலயே திருப்பி சொல்ல வெக்கணும், அதுக்கு எந்த போன் காலும் மாத்து இல்ல. மாத்திரைக் கணக்கு, சாப்பாடு எல்லாம் என் கணக்குல மறுநாள் வீடியோவுக்குத்தான்.

மாமனார் இப்பல்லாம் போன் அடிச்சாலே தகர டப்பாவோட வந்து உக்காந்துக்கறாரு, அது லோன் வேணுமான்னு கேக்கற காலா இருந்தாலும்.