நாலு பருவமாக கிராண்ட்டாடி பர்ப்பிள் வளர்க்கிறேன்: என் அனுபவம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ஒன்டாரியோவில். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா சட்டப்படி சரி, இங்கே 19 வயது ஆனவர்கள் வீட்டில் வளர்க்கலாம். வீட்டுக்கு நாலு செடி, ஆளுக்கு நாலு இல்லை, இதைப் பலரும் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டில் வளர்ப்பது குற்றம், அதனால் அங்கிருந்து படிக்கிறவர்கள் இதைச் செடியைப் பற்றிய செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட்டாடி பர்ப்பிள் என்ற இந்தக் கஞ்சா ரகத்தை 2003-இல் கலிபோர்னியாவில் கென் எஸ்டஸ் என்பவர் அறிமுகப்படுத்தினார். பர்ப்பிள் அர்க்கிள், பிக் பட் என்ற இரண்டு ரகங்களையும் கலந்து வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஊதாவும் திராட்சை மணமும் முதலாவதிலிருந்து, கையில் எடுத்தால் கனக்கிற கெட்டியான பூ இரண்டாவதிலிருந்து. இந்தக் கெட்டிப் பூதான் எனக்கு ஒரு வருடம் பெரிய நஷ்டத்தைக் கொடுத்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

நிறத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஊதாவாக இருந்தால் வீரியம் அதிகமா? இல்லை. போதை தரும் டிஎச்சி இருப்பது பூவின் மேல் சர்க்கரைத் தூள் தூவியதுபோல் மின்னும் பிசின் முடிகளில். ஊதா நிறம் ஆந்தோசயனின், நாவல்பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கிற அதே வகைச் சாயம். போன அக்டோபரில் உதிர்ந்த ஊதா இலை நாலைந்தைக் கசக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி வைத்தேன், தண்ணீர் மங்கலான ஊதாவாக மாறியது, அப்புறம் அதில் அரை எலுமிச்சை பிழிந்ததும் அப்படியே இளஞ்சிவப்பு. என் மனைவி வந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை செய்யச் சொன்னாள்.

நிறம் வருவதற்கு முதலில் ரகத்தில் அந்தக் குணம் இருக்க வேண்டும், அதன் மேல் இரவுக் குளிர் வேண்டும். டொராண்டோப் பக்கம் செப்டம்பர் கடைசியில் இரவு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும்போது, ஒரு வாரத்துக்குள் மேல் இலைகளின் ஓரம் கறுத்து, பிறகு பூவே திராட்சைக் குலை மாதிரி ஆகிவிடும். ஒரு வருடம் இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே போனது, அந்த வருடம் பாதிப் பூ பச்சையாகவே நின்றது. ஆனால் மணத்திலோ வேலை செய்வதிலோ ஒரு குறையும் இல்லை.

மணம் என்று வந்தால் இந்தச் செடிக்கு ஈடு நான் பார்த்ததில்லை. பச்சையாக இருக்கும்போது பூவை விரலால் லேசாகத் தேய்த்தால் கறுப்புத் திராட்சை, அதற்கு அடியில் மாங்காயில் இருக்கிற மிர்சீன், மல்லி விதையின் லினலூல், மிளகு வாசனை தரும் காரியோஃபிலீன் என்ற வாசனைப் பொருள்கள் எல்லாம் கலந்து வரும். ஆனால் இதைக் காப்பாற்றுவது வளர்ப்பு இல்லை, உலர்த்தல். முதல் வருடம் அவசரப்பட்டு ஹீட்டர் காற்று வரும் இடத்தில் தொங்கவிட்டு நாலே நாளில் காயவைத்தேன், வந்தது வைக்கோல் வாசனை. ஐந்து மாத உழைப்பு அப்படிப் போனது இன்னும் மனதில் இருக்கிறது. இப்போது இருட்டான அறையில், 16-18 டிகிரியில், காற்றில் ஈரப்பதம் 55-60 சதவீதம் இருக்கும்படி பத்துப் பன்னிரண்டு நாள் தொங்கவிடுகிறேன். சிறு காம்பை மடக்கினால் டக்கென்று ஒடிய வேண்டும். அப்புறம் கண்ணாடி ஜாடி, முதல் இரண்டு வாரம் தினமும் சில நிமிடம் மூடியைத் திறந்து காற்று விடுவேன், ஒரு மாதம் கழித்துத் திறந்தால் உலர்திராட்சையை நெய்யில் வறுக்கிற மாதிரி ஒரு வாசனை.

வளர்ப்பு பெரிய வித்தை இல்லை. ஏப்ரலில் வீட்டுக்குள் முளைக்கவைத்து, மே பிற்பாதியில் வரும் விக்டோரியா தின விடுமுறை வார இறுதிக்குப் பிறகு வெளியே 40 லிட்டர் தொட்டியில் வைப்பேன். ஆகஸ்ட் நடுவில் பகல் குறையக் குறையத் தானாகவே பூ பிடிக்கும், அக்டோபர் முதல் வாரம் அறுவடை. பூதக்கண்ணாடியில் பிசின் முடிகள் தெளிவிலிருந்து பால் வெள்ளைக்கு மாறி, அங்கங்கே தேன் நிறம் தட்டும்போது வெட்டுவேன். சென்ற வருடம் நல்ல செடி ஒன்றில் உலர்ந்த பூ 140 கிராம் கிடைத்தது.

இப்போது அந்த நஷ்டம். இரண்டாம் வருடம் செப்டம்பரில் ஐந்து நாள் விடாத மழை. ஒரு பெரிய பூவில் ஒரே ஒரு குட்டி இலை மட்டும் காய்ந்து நின்றது, இழுத்தேன், தடையே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. பூவைப் பிளந்தால் உள்ளே தண்டைச் சுற்றிச் சாம்பல் பூசணம், பழுப்புத் தூள். மூன்றில் ஒரு பங்கை எறிந்தேன். பூசணம் பிடித்த பூவை வெட்டிச் சரிசெய்து பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நுரையீரலுக்குள் போகிற விஷயம். அதிலிருந்து உள் இலைகளைக் கழித்துவிடுகிறேன், மழை என்றால் தொட்டியைக் கொட்டகைக்கு நகர்த்துகிறேன், அங்கே இரவில் விளக்குப் போடுவதே இல்லை, போட்டால் பூப்பது குழம்பும்.

பயன்பாடு என்றால், இது இரவுக்கான ரகம். சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பரைசரில் (பூவைக் கொளுத்தாமல் சூடாக்கி ஆவியாக்கும் கருவி) இரண்டு இழுப்பு, உடம்பு தளர்ந்து ஒரு மணி நேரத்தில் தூக்கம். வாய் வறளும். தினமும் எடுத்தபோது மூன்றே வாரத்தில் பலன் குறைந்தது, காலையில் மந்தமாகவும் இருந்தது, அதனால் வாரத்துக்கு இரண்டு நாளோடு நிறுத்திவிட்டேன். எடுத்த இரவு கார் சாவியைத் தொடமாட்டேன். ஜாடிகள் பூட்டிய அலமாரியில், பையன் கைக்கு எட்டாத உயரத்தில்.

இந்த வருடம் இரண்டு செடி போதும் என்று முடிவு செய்தேன். விதையை நேற்றுத்தான் ஈரத் துணியில் மடித்து வைத்தேன்.