மதுரையில் எட்டு வார யாப்பு வகுப்பு: போய் வந்தவன் சொல்கிறேன்

கல்யாணப் பத்திரிகையும் பிளக்ஸும் அடிக்கிற கடையில் பதினாலு வருஷமாக டிசைனராக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் போட்டோவைக் கொடுத்துவிட்டு, "வாசகம் நீங்களே போட்டுருங்கண்ணே" என்று போய்விடுவார்கள். போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. "சுற்றமும் நட்பும் சூழ வருக" என்று எழுதினால் வரி நிமிர்ந்து நிற்கும். அதையே "சொந்தபந்தங்களோடு நேரில் வருக" என்று மாற்றினால் சப்பென்று போய்விடும். ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. அதற்காகவே செய்யுள் இலக்கணம் சொல்லித்தரும் இந்த யாப்பு வகுப்பில் சேர்ந்தேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். எட்டு ஞாயிறு, காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை. கட்டணம் 1,200 ரூபாய், நடுவில் ஒரு டீ உண்டு. எங்கள் அணியில் 14 பேர். கல்லூரிப் பிள்ளைகள், தேவாரம் பாடுகிற ஓர் அம்மா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், பிறகு நான்.

முதல் நாளே என் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. தொல்காப்பியச் செய்யுளியலில் "அடிதொறும் தலையெழுத்து ஒப்பது மோனை" என்று இருக்கிறது. தலையெழுத்து ஒத்துப்போவது என்றால் அதே எழுத்தே வர வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, எழுத்துகளுக்குள் உறவுமுறை உண்டு. அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ ஒன்று. உ, ஊ, ஒ, ஓ ஒன்று. மெய்யில் சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம். ஐயா இதைக் கரும்பலகையில் எழுதியதும் எனக்கு "மணமக்களை வாழ்த்த வருக" என்ற வரி ஞாபகம் வந்தது. ம, வா, வ. பதினாலு வருஷமாக நான் அடித்துக்கொண்டிருந்தது மோனை! அடியில் சொல் மாதிரி வரும் துண்டுக்குச் சீர் என்று பெயர். சுற்றமும், சூழ என்று முதல் சீரும் மூன்றாம் சீரும் சேர்ந்தால் அதற்குப் பொழிப்பு மோனை என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

எதுகை இரண்டாம் எழுத்துக் கணக்கு. முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். பட்டுக்குத் தட்டு எதுகை, பாட்டு எதுகை ஆகாது. அடிகளின் கடைசி ஒத்து வரும் இயைபு, எதிரெதிர்ச் சொற்கள் சேரும் முரண் எல்லாம் ஒரே வாரத்தில் ஓடிவிட்டன. எழுத்தை இழுத்து ஒலிக்கும் அளபெடை வந்த வாரம் தேவார அம்மா "கெடுப்பதூஉம்" குறளை இழுத்துப் பாடிக் காட்டினார். இத்தனை நாள் அச்சுப் பிழை மாதிரி எனக்குத் தெரிந்த அந்த 'உ' ஓசைக்காக நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

இந்த வகுப்புக்குப் பணம் கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு நாலாவது வாரம்தான் காரணம். துறவு அதிகாரத்தை எடுத்தார். ஆள்காட்டி விரலை உதட்டுக்குக் குறுக்கே லேசாக வைத்துக்கொண்டு முதல் குறளைச் சொல்லச் சொன்னார்.

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்.

உதடு ஒரு தடவைகூட ஒட்டவில்லை. எதெதிலிருந்து ஒருவன் விலகினானோ அததனால் அவனுக்குத் துன்பம் இல்லை என்பது பொருள். வாயும் எதையும் தொடாமல் விலகியே இருக்கிறது. அடுத்து அதே அதிகாரத்தின் கடைசிக் குறள்.

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு.

ஒட்டும் உதடு, ஒட்டா உதடு என்று இந்த இரண்டையும் பட்டிமன்ற மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஐயா அதோடு விடவில்லை. "எத்தனை தடவை ஒட்டுதுன்னு எண்ணுங்க" என்றார். மெதுவாகச் சொல்லி எண்ணினோம். ஆறு தடவை. ஆறாவது 'பற்று'. அதற்கு அடுத்த சொல் 'விடற்கு'. அங்கே மேல்பல் கீழுதட்டை உரசுகிறதே தவிர, இரண்டு உதடும் சேரவில்லை. பிடி பிடி என்று பிடித்த வாய், விடு என்ற சொல் வரும்போது விட்டுவிடுகிறது. மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வள்ளுவர் திட்டமிட்டுச் செய்தாரா என்று ஒரு பிள்ளை கேட்டாள். "அது நமக்குத் தெரியாதும்மா. உன் வாயில் நடந்தது உனக்குத் தெரியும்ல, அதை வச்சுக்கோ" என்றார்.

ஆறாவது வாரம் கம்பன். சூர்ப்பணகை அழகியாக வேடம் போட்டு வரும் பாட்டின் கடைசி இரண்டு அடி:

அஞ்சொல் இள மஞ்ஞைஎன அன்னம்என மின்னும்
வஞ்சிஎன நஞ்சம்என வஞ்சமகள் வந்தாள்.

ஞ், ஞ் என்று கொஞ்சிக்கொண்டே போகிறது. மயில் என்றான், அன்னம் என்றான், வஞ்சிக்கொடி என்றான். அந்த இனிப்பிலேயே காது லயித்திருக்கும்போது 'நஞ்சம்' உள்ளே வந்துவிடுகிறது. ஓசை மாறாததால் காதுக்கு உறுத்தவில்லை, பொருள் மட்டும் குத்துகிறது. ஐயா எங்களை அதே பொருளில் வேறு சொல் போட்டு எழுதச் சொன்னார். "கொடிபோல, விடம்போல, சூதுக்காரி வந்தாள்" என்று எழுதினேன். பொருள் ஒன்றும் குறையவில்லை, ஆனால் ஏமாற்று போய்விட்டது. கொடி வேறாகவும் விடம் வேறாகவும் நிற்கின்றன. கம்பனிடம் வஞ்சியும் நஞ்சமும் வஞ்சமும் ஒரே முகத்தோடு வருகின்றன. நாமும் அவளை நம்பித்தான் கேட்கிறோம்.

ஒரு விஷயத்தில் ஐயாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. "துப்பார்க்குத் துப்பாய" குறளில் ப்ப, ப்ப என்று வருவது மழைத்துளி விழும் சத்தம் என்றார். அது கேட்கிறவர் மனசைப் பொறுத்தது. உண்பவர், உணவு, உணவாக்கல், மறுபடி மழையே உணவு என்று எல்லாவற்றுக்கும் துப்பு என்ற ஒரே சொல் சுற்றிச் சுற்றி வருகிறது, அங்கேதான் அந்தக் குறளின் பலம் என்று எனக்குப் படுகிறது.

குறை என்றால், சீரை ஓசைத் துண்டுகளாக, அதாவது அசைகளாகப் பிரிக்கும் இரண்டு வாரமும் ரொம்ப வேகம். பழக்கம் இல்லாதவர்கள் தேமா, புளிமா என்ற சீர் வகைகளிலேயே திணறிவிட்டார்கள். கொடுத்த ஜெராக்ஸ் தாள்கள் மங்கல், பாதி இடத்தில் மெய்யெழுத்துப் புள்ளியே விழவில்லை. யாப்பில் இது சின்ன விஷயம் இல்லை. அசையில் நேர், நிரை என்று இரண்டு வகை. 'கற்க' நேர் நேர், தேமா. புள்ளி போய் 'கறக' ஆனால் நிரை நேர், புளிமா. அடியின் நடுவில் இப்படி நடந்தால் வெண்பாவே உடைந்துவிடும். பொறுக்க முடியாமல் 22 பக்கத்தையும் கடையில் உட்கார்ந்து புதிதாகத் தட்டச்சு செய்து ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த அணிக்கு அதுதான் கிடைக்கும்.

வகுப்பு முடிந்த மாதம் ஒருவர் அப்பாவின் பதினாறாம் நாள் போஸ்டருக்கு வந்தார். போனில் நாலு வரி வைத்திருந்தார். எல்லா வரியும் "சென்றாயே", "தந்தாயே" என்று முடிந்தன. முன்பென்றால் அப்படியே அடித்திருப்பேன். இப்போது வாய்விட்டுப் படித்ததும், அந்த இயைபு துக்கத்தைத் தாளம் போட வைப்பது கேட்டது. "அப்பா என்ன வேலைங்க பார்த்தாரு?" என்று கேட்டேன். பஸ் கண்டக்டர், கடைசி டிரிப் முடித்து ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வருவாராம். அம்மா தாழ் போடாமல் காத்திருப்பாராம். "அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?" "அய்யான்னுதான்."

அய்யா,
அம்மா இன்னும்
கதவைத் தாழ் போடவில்லை.

அய்யா, அம்மா என்று மேலே ஒரு மோனை மட்டும் வைத்தேன். அந்த இரண்டு பேரையும் சேர்த்துக் கட்ட அது போதும். கடைசி அடியை எதோடும் கட்டவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு ஐம்பது காப்பி போடச் சொன்னார்.

அடுத்த அணி பொங்கல் கழித்துத் தொடங்குகிறது. கவிதை எழுதுகிறவர்கள், மேடையில் பேசுகிறவர்கள், என்னை மாதிரி வாசகம் எழுதிப் பிழைக்கிறவர்கள் கட்டாயம் போகலாம். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு இந்த வேகமும் முறையும் ஒத்துவராது. மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டிச் சொன்னால் கீழே திண்ணையில் வைத்துக்கொள்வதாக ஐயா சொல்லியிருக்கிறார். கையில் ஒரு திருக்குறள் பதிப்பும் பென்சிலும் எடுத்துப் போங்கள். பேனா வேண்டாம், அசை பிரிக்கும்போது நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.