மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் தீர்க்க விம்டிஃப்: ஏழு ஆண்டு அனுபவம்

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் தமிழாக்கக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், "மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தால் எந்த எடிட்டரில் தீர்க்கிறீர்கள், அண்ணா?" என்று சென்ற வாரம் கேட்டார். ஒரே வரியை இருவர் வெவ்வேறாக மாற்றியிருக்கும்போது, எதை வைப்பது என்று கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) நம்மிடமே விட்டுவிடும் முரண்தான் அது. ஏழு ஆண்டுகளாக விம் என்ற எடிட்டர்தான், முரண் தீர்க்கும் கருவியைத் திறக்கும் கிட் மெர்ஜ்டூல் கட்டளையைக் கொடுத்தால், கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் அதன் விம்டிஃப் வடிவம் திறக்கும்படி வைத்திருக்கிறேன் என்று உடனே பதில் எழுதிவிட்டேன். ஆனால் நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்ற அடுத்த வரியை எழுத மனம் வரவில்லை. அதற்கான காரணத்தை அவருக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திரையின் அமைப்பு பயன்படுத்தியவர்களுக்குத் தெரிந்ததே. மேலே இடப்பக்கம் லோக்கல் (நம் மாற்றம்), நடுவில் பேஸ் (இருவரும் மாற்றுவதற்கு முன் இருந்தது), வலப்பக்கம் ரிமோட் (மற்றவர் மாற்றம்) என மூன்று ஜன்னல்கள் இருக்கும். கீழே அகலமாக இருப்பது நாம் திருத்திச் சேமிக்க வேண்டிய கோப்பு. புதிதாக வருபவர்கள் நடு ஜன்னலை இடத்தை அடைக்கும் ஒன்றாகவே நினைப்பார்கள், நானும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் நினைத்தேன். அதன் அருமை எனக்குப் புரிந்தது மொழிபெயர்ப்புகள் இருக்கும் ஒரு பீஓ கோப்பில். பழைய மொழிபெயர்ப்பு "கோப்பைத் திற" என்று இருந்தது. நான் அதை "கோப்பைத் திறக்கவும்" என்று மாற்றியிருந்தேன், அதே வாரத்தில் குழுவின் வேறொருவர் "ஆவணத்தைத் திற" என்று மாற்றியிருந்தார். இந்த இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் எது சரி என்ற சண்டையாகத்தான் தோன்றும், ஒன்றை எடுத்து மற்றதைத் தள்ளிவிடுவோம். நடுவில் பழைய வரியும் இருந்ததால், நான் வினையை மரியாதை வடிவத்துக்கு மாற்றியிருக்கிறேன், அவர் பெயர்ச்சொல்லை மாற்றியிருக்கிறார், இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. "ஆவணத்தைத் திறக்கவும்" என்று கீழே எழுதிச் சேமித்தேன், இருவர் உழைப்பும் நின்றது. வழக்கமான அமைப்பில் கிட் கோப்புக்குள் இடும் முரண் குறிகளில் (இரு தரப்பு வரிகளையும் பிரித்துக் காட்டும் ஏழு கோணக் குறிகள் போன்றவை) இந்தப் பழைய வரி வருவதில்லை. இரு தரப்பையும் மட்டும் காட்டி நம்மை நடுவராக உட்கார வைத்துவிடுகிறது. விம்டிஃபைப் புகழ வேண்டுமென்றால் இந்த ஒரு ஜன்னலுக்காகவே நாள் முழுவதும் புகழ்வேன்.

மற்றவை பழகிப்போனவை. அடுத்த வேறுபாட்டுக்குத் தாவ இரண்டு விசைகள் போதும். "டிஃப்கெட் எல்ஓ" என்றால் லோக்கல் பகுதியும் "டிஃப்கெட் ஆர்இ" என்றால் ரிமோட் பகுதியும் முரண் குறிகளை அகற்றிவிட்டு அந்த இடத்தில் வந்து அமரும். இரண்டு ஜன்னல் ஒப்பீட்டில் டி, ஓ என்ற இரு விசைகளால் முடிகிற இதே வேலையை நான்கு ஜன்னலில் செய்யப் போனால், எந்தக் கோப்பிலிருந்து எடுப்பது என்று தெரியவில்லை என ஈ101 பிழையைக் காட்டிவிடும். நம் மாற்றங்களை வேறொரு கிளையின் நுனியில் மறுபடி பதிக்கும் ரீபேஸ் செய்யும்போது மட்டும் லோக்கலும் ரிமோட்டும் இடம் மாறிவிடும், அதாவது லோக்கல் என்ற பெயரில் நிற்பது நம்முடைய மாற்றமாக இருக்காது என்பதைப் புதியவர்கள் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்துகளைப் பொறுத்தவரை, என் டெர்மினலில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்றுவரை ஒழுங்காக உட்காரவில்லை. மூன்று ஜன்னல்களிலும் வரிகள் நேராக நிற்காமல் தள்ளாடுகின்றன என்றாலும் கண் அதற்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றே ஒன்றுதான், அது வெளியேறும் வழி. ஒரு கோப்பில் ஐந்து முரண்கள் இருக்கின்றன, மூன்றைத் தீர்த்துவிட்டோம், நான்காவதில் எழுதியவரைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது என்று தெரிகிறது என வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை செய்ததைச் சேமித்து மூடிவிட்டு நாளை வரலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். இங்கே அப்படி மூடினால், விம் வழக்கம்போல், பிழையில்லை என்று பொருள்படும் பூச்சியத்தை வெளியேறும் எண்ணாகத் திருப்பிக் கொடுக்கிறது. மெர்ஜ்டூல் அதை வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் முரண் குறிகளோடு கோப்பை அப்படியே அடுத்த கமிட்டுக்கு (மாற்றங்களின் பதிவுக்கு) சேர்த்துவிடுகிறது. எதையும் தொடாமல், எல்லா ஜன்னல்களையும் மூடும் "கியூஏ" கொடுத்து வெளியே வந்தாலும் இதே கதைதான். அதன் பிறகு கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தால் முரண் பட்டியலில் அந்தக் கோப்பு இருக்காது.

2019இல் ஓர் இரவு இப்படித்தான் வெளியே வந்து, கமிட் செய்து, பொதுக் களஞ்சியத்துக்கும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்தபோது பில்ட் (மென்பொருளைத் தானாகக் கட்டும் வேலை) நின்றிருந்தது. ஏழு கோணக் குறிகள் நின்ற வரியைக் காட்டி இது இலக்கணப் பிழை என்று, பீஓ கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் கருவி சொல்லியிருந்தது. வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருந்த நிலையில் தமிழ்க் கோப்பு ஒன்றால் எல்லோரும் காத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

முறையான வழி "சிகியூ" என்பார்கள். அது பிழை எண்ணோடு வெளியேறுவதால் முரண் தீரவில்லை என்பதை மெர்ஜ்டூல் புரிந்துகொள்ளும், உண்மைதான். ஆனால் அப்போது அது, தொடங்குவதற்கு முன் எடுத்துவைத்த பழைய நகலைக் கோப்பின் மேல் திரும்ப வைத்துவிடுகிறது. நாம் கவனமாகத் தீர்த்துச் சேமித்த மூன்று முரண்களும் போய்விடும். ஒரு வழியில் போனால் எல்லாம் முடிந்ததாகக் கணக்கு, மறு வழியில் போனால் எதுவுமே செய்யாததாகக் கணக்கு. பாதி முடித்த வேலைக்கு இங்கே இடமே இல்லை. மொழிபெயர்ப்பில் பாதி வேலை என்பது தினசரி நிலை. ஒரு சொல்லுக்காக மூன்று நாள் காத்திருக்கிறோம்.

மெர்ஜ்டூலின் அமைப்பில் வெளியேறும் எண்ணை நம்பாதே என்று குறித்துவைத்தால், மாறாத கோப்பைக் கண்டதும் முரண் தீர்ந்ததா என்று அது நம்மைக் கேட்கும். 2019க்குப் பின் அப்படித்தான் வைத்திருக்கிறேன், சும்மா திறந்து மூடும் விபத்து அதனால் நின்றுவிட்டது. ஆனால் ஒரே ஒரு முரணைத் தீர்த்துச் சேமித்திருந்தாலும் கோப்பு மாறியதாகிவிடுவதால், கேள்வி எழாமலே மீதி நான்கும் சேர்த்து உள்ளே போகும். சென்ற மாதம் அதுவும் நடந்தது. கமிட்டுக்கு முன் கிட் டிஃப் கட்டளையை கேச்ட், செக் என்ற விருப்பங்களோடு ஓட்டும் பழக்கம் இருந்ததால், மிஞ்சிய குறிகளை அது வரி எண்ணோடு காட்டித் தப்பிக்க வைத்தது.

நியாயமாகச் சொன்னால் விம்மின் மேல் குறை இல்லை. 2001இல் வந்த 6.0 பதிப்பிலிருந்தே கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. தொலைவில் உள்ள சர்வரில் எஸ்எஸ்எச் வழியே நுழைந்தாலும் அதே விசைகள், அதே வேகம். பிழையில்லாமல் மூடப்பட்ட நிரல் பூச்சியத்தைத் திருப்புவது எங்கும் உள்ள வழக்கம். அதை முரண் தீர்ந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு இருக்கிறது. ஏழு கோணக் குறிகள் கோப்பில் மிச்சமிருக்கின்றனவா என்று ஒரு முறை தேடிப் பார்ப்பது எத்தனை சிறிய வேலை! அதைச் செய்யாமல் என் வேலை முடிந்தது என்று எனக்காக முடிவெடுப்பதை ஏழு ஆண்டுகள் கழித்தும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, தம்பிக்கு நான் சொன்ன பதில் விம்டிஃப் வேண்டாம் என்பதுதான். கிட் அமைப்பில் முரண் காட்டும் பாணியை டிஃப்3 என்று மாற்றச் சொன்னேன், கிட் 2.35 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் இசட்டிஃப்3 இன்னும் சுருக்கமாகக் காட்டும். அப்போது பழைய வரி கோப்புக்குள்ளேயே இரு தரப்புக்கும் நடுவில் வந்துவிடும். மெர்ஜ்டூல் பக்கம் போகாமல் கோப்பை நேரடியாகத் திறந்து திருத்தலாம். எத்தனை நாள் பாதியில் நின்றாலும், முரண் தீர்ந்தது என்று நாமாக கிட் ஆட் கொடுக்கும்வரை அது முரண் பட்டியலிலேயே இருக்கும். இந்த மாதம் முழுவதும் நானும் அப்படியே செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த முறை நேரில் சந்திக்கும்போது அந்த நான்கு ஜன்னலையும் ஒருமுறை திறந்து, நடுவில் இருப்பதை மட்டும் அவருக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.